பரிசு பெற்ற நாவலும் படிக்காத நாமும்

நாவல் மேனாட்டிலிருந்து நமக்கு வந்த இலக்கிய வகை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. அன்று தொட்டு இன்று வரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் தமிழில் எத்தனையோ நாவல்கள் தோன்றிவிட்டன. ஆனால் நாவலைப் பற்றிப் பேசும் பழக்கம் மட்டும் நம்மிடையே வளரவில்லை. நாம் அறிந்தவை இரண்டே: பொன்னாடை ஒன்று, வசை மற்றொன்று. "அற்புதமான படைப்பு" என்பார் ஒருவர். "வெறும் குப்பை" என்பார் மற்றொருவர். இருவரையும் அழைத்து, "எந்த இடம் அற்புதம்? எந்தப் பக்கம் குப்பை?" என்று கேட்டுப் பாருங்கள். இருவருமே புத்தகத்தின் அட்டையைத் தாண்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

வெளி மாநிலத்தில் வந்து படிக்கும் நமக்கு இந்த நோய் சற்று அதிகம் என்றே சொல்வேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப் பெயரை அச்சில் கண்டாலே உள்ளம் நெகிழ்ந்துவிடுகிறது. ஒரு தமிழ் எழுத்தாளருக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு என்று செய்தி வந்தால் சங்கத்தில் கைதட்டுகிறோம், வாழ்த்துச் செய்தி அனுப்புகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். பரிசு பெற்ற நூலை நம்மில் எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கினோம்? நூலகத்தில் எடுத்தாவது படித்தவர் எத்தனை பேர்? படிக்காமல் புகழ்வதும் ஒருவகை அவமதிப்புத்தான். எழுதியவர் ஆண்டுக் கணக்கில் உழைத்திருக்கிறார். நாம் அவருக்கு அரை நிமிடக் கைதட்டலைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

நான் பௌதிகம் பயிலும் மாணவி. இலக்கியம் என் பாடமன்று; திறனாய்வுக் கொள்கை எதையும் கற்றவளும் அல்லேன். ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: அளந்து கண்டதை எழுது, காண விரும்பியதை எழுதாதே. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கடந்த ஓராண்டில் ஐந்து தமிழ் நாவல்களைப் படித்தேன். மூன்று நாவல்கள் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவை: எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' (2018), சோ. தர்மனின் 'சூல்' (2019), இமையத்தின் 'செல்லாத பணம்' (2020). மற்ற இரண்டும் அந்தப் பரிசு பெறாதவை: பெருமாள்முருகனின் 'பூனாச்சி', ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம், படித்துவிட்டு மறுக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

நாயனமும் சவுக்கடியும்

'சஞ்சாரம்' கரிசல் நாட்டு நாகசுரக் கலைஞர்களின் கதை. கோயில் திருவிழாவில் ஊராரிடையே மூண்ட சண்டையில் நாயனக்காரர்களைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அவமானம் தாங்காத பக்கிரி பந்தலுக்குத் தீ வைத்துவிடுகிறான். அவனும் ரத்தினமும் ஊர் ஊராக ஓடி ஒளிகிறார்கள். அந்த ஓட்டத்தின் ஊடே பழைய வித்துவான்களின் கதைகளும் கரிசல் மண்ணின் கதைகளும் வருகின்றன.

எடுத்துக்கொண்ட பொருள் மிக உயர்ந்தது. நம் வீட்டுத் திருமணங்களில் நாகசுரம் இல்லாமல் தாலி ஏறுவதில்லை. ஆனால் அதை வாசிப்பவர் எந்தப் பந்தியில் உண்டார், எங்கே உறங்கினார் என்று யார் கேட்டோம்? மங்கல வாத்தியம் வேண்டும். அதை ஊதுகிற மனிதன் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கொடுமையை ஆசிரியர் தொட்டுக் காட்டும்போது தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது.

ஆயினும் நாவல் என்ற முறையில் எனக்கு நிறைவில்லை. கிளைக் கதைகள் ஒவ்வொன்றும் சுவையாக இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றோடொன்று பின்னிப் பிணையாமல் சரத்தில் கோத்த மணிகளைப் போல வரிசையாக நிற்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் மாலை அறுவதில்லை. பக்கிரியின் கோபம் முதல் பகுதியில் தீயாக எரிகிறது. போகப் போகக் கதைகளின் கூட்டத்தில் அது தணிந்துவிடுகிறது. அவன் ஓடுகிறான் என்பதையே சில இடங்களில் நான் மறந்துவிட்டேன். நாகசுரத்தின் வரலாறு தெரிய விரும்புவோர் அவசியம் படிக்கலாம். பக்கிரி என்ற மனிதனைத் தேடிப் போனால் சிறிது ஏமாற்றம் உண்டு.

நிறைசூல் கண்மாய்

'சூல்' நாவலின் உண்மையான கதாநாயகன் ஒரு கண்மாய். எட்டயபுரத்தை அடுத்த உருளைகுடியின் கண்மாயையும் அதைச் சுற்றி வாழ்ந்த குடிகளையும் ஆசிரியர் நம் கண் முன் நிறுத்துகிறார். மடை, மறுகால், கரை, மீன், பறவை, பனை, நீர் பாய்ச்சும் பொறுப்புடையவர், கரையைக் காக்கும் தெய்வம் என்று ஒவ்வொன்றும் ஒன்றைப் பற்றி நிற்கிறது. ஒன்று சாய்ந்தால் அடுத்ததும் சாய்கிறது.

விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு இந்நாவலை நான் முதலில் சிபாரிசு செய்வேன். தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்று புள்ளிவிவரப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். எண்ணைப் படித்தால் எண்ணாகவே இருக்கிறது. ஒரே ஒரு கண்மாய் எப்படி மழை நீரைத் தாங்குகிறது, வண்டலை ஏன் ஆண்டுதோறும் அள்ள வேண்டும், அள்ளிய வண்டல் எந்த வயலுக்குப் போகிறது, மறுகால் பாய்ந்த நீர் எந்தக் கண்மாய்க்குச் சேர்கிறது என்பதை உணர்ந்த பிறகுதான் அந்த எண்ணின் பாரம் விளங்குகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களின் கையிலிருந்த பொறுப்பு அலுவலகக் கோப்புக்குப் போனதும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் கண்மாய்க்குள் காடாக மண்டியதும், அரசியல் ஊருக்குள் புகுந்ததும் நாவலின் பிற்பகுதியில் கசப்போடு சொல்லப்படுகின்றன.

இங்கேதான் எனக்கும் ஆசிரியருக்கும் ஒரு வழக்கு. அன்றைய ஊர் அத்தனை இனிமையாகவா இருந்தது? அறம் தவறியவனைத் தெய்வம் தண்டித்தது என்கிறது நாவல். சரி, கரையில் மண் சுமந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நீரில் ஒரே உரிமை இருந்ததா? முன்பு எல்லாம் நன்றாக இருந்தது, பிறகு எல்லாம் கெட்டது என்று ஒரு கோட்டைக் கிழித்துவிட்டால் காரணங்களைத் தேடும் வேலை மிச்சமாகிவிடுகிறது. கண்மாய் அழிந்ததைச் சொன்ன கை, கண்மாய் இருந்த காலத்துப் பசியையும் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு சொன்ன பிறகும், இந்த நூலைப் படித்த ஒருவர் வறண்ட கண்மாயைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்து வாளாவிருக்க முடியாது என்பேன். ஒரு நாவலுக்கு இது பெரும் வெற்றி.

பட்டம் செல்லாத இடம்

இனி இமையத்தின் 'செல்லாத பணம்'. ஐந்தில் என்னைத் தூங்க விடாத நூல் இதுவே.

ரேவதி பொறியியல் படித்தவள். தலைமையாசிரியர் ஒருவரின் மகள். ஆட்டோ ஓட்டும் ரவியை விரும்பி, வீட்டாரை எதிர்த்து மணந்துகொள்கிறாள். அடியும் உதையுமாகக் கழிகிறது வாழ்க்கை. ஒரு நாள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுகிறாள். தந்தையும் தாயும் அண்ணனும் அண்ணியும் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கிறார்கள். எவ்வளவு பணமானாலும் செலவழிக்கத் தயாராக இருக்கிறார் தந்தை. அந்தப் பணம் அங்கே செல்லவில்லை. கதை இவ்வளவே.

பெரும்பகுதி உரையாடல்தான். வருணனை இல்லை, உபதேசம் இல்லை. வாசலில் காத்திருக்கும் மற்றக் குடும்பங்களும் பேசுகின்றன. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கதை. எல்லாக் கதைகளும் ஏறத்தாழ ஒரே கதை. "அடுப்பு வெடித்தது" என்று போலீசாரிடம் சொல்லப்படும் வாக்குமூலத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்த வாசலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்பவர் இல்லை.

இந்நாவலின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. துயரம் ஒரே சுருதியில் நீள்கிறது. தாயின் புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. நூறு பக்கம் குறைத்திருந்தால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும் என்று தோன்றியது. துயரம் அப்படித்தானே வரும், அளவு பார்த்தா வரும் என்று என் அறைத் தோழி வாதாடினாள். அவள் பக்கமும் நியாயம் உண்டு.

இன்னொரு குறையையும் சிலர் சொல்கிறார்கள். படித்த பெண் அவனை ஏன் விரும்பினாள் என்பதை ஆசிரியர் விளக்கவில்லை என்பது அவர்கள் வாதம். இதை நான் ஒப்பமாட்டேன். அவளை நேசித்த தந்தையே அந்தக் கேள்வியை அவளிடம் அமைதியாக உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு விடை எப்படிக் கிடைக்கும்? வீட்டில் இல்லாத விடை புத்தகத்தில் மட்டும் இருந்தால் அதுவே பொய்யாகும். ரவியையும் ஆசிரியர் வெறும் அரக்கனாக வரைந்துவிட்டு ஒதுங்கவில்லை. அவனையும் ஒரு மனிதனாகப் பார்க்க வைக்கிறார். அதனால் அவன் செய்தது மன்னிக்கத் தக்கதாகிவிடவில்லை. நமக்குக் கோபப்படுவதுதான் கடினமாகிறது.

தோழியரே, நாம் இங்கே எதற்காக வந்து படிக்கிறோம்? பட்டம் பெற்றால் சொந்தக் காலில் நிற்கலாம் என்ற நம்பிக்கையில் வந்தோம். ரேவதியிடம் பட்டம் இருந்தது. அடி விழுந்த இரவில் அவள் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கவில்லை. "நீயாகத் தேடிக்கொண்டது" என்ற ஒரு சொல் அந்தக் கதவை அடைத்துவிட்டது. நம்மில் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தச் சொல் ஒரு முறையாவது உச்சரிக்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்த நூலை எடுத்துச் சென்று பெற்றோரிடம் படிக்கக் கொடுங்கள். பரிசுக் குழு செய்ததைக் காட்டிலும் பெரிய காரியம் அதுதான்.

காது குத்திய வெள்ளாடு

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' தோன்றிய கதை பலருக்கும் தெரியும். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பினால், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வெளிவந்த முதல் நாவல் இது. மனிதரைப் பற்றி எழுதினால் வம்பு. ஆட்டைப் பற்றி எழுதுவோம் என்று புறப்பட்டது போலத் தொடங்குகிறது.

முகம் தெரியாத ஒருவன் கொடுத்துச் சென்ற கருநிற ஆட்டுக்குட்டியை ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கிறார்கள். அரசாங்கம் எல்லா ஆடுகளுக்கும் காது குத்தி அடையாளம் போடுகிறது. குட்டி எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள், ஏன் இவ்வளவு கறுப்பு என்று வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். அந்த வரிசையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ வேற்றூருக்கு வந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு வரிசையில் நின்றவர்கள்தாமே? 'நீ யார், எங்கிருந்து வந்தாய், இதற்கு அத்தாட்சி எங்கே' என்ற கேள்விகள் ஆட்டுக்கும் ஒன்றுதான், நமக்கும் ஒன்றுதான்.

ஐந்தில் கட்டுக்கோப்பான நாவல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு சொல் மிகையில்லை. பூனாச்சியின் காதலும் தாய்மையும் பஞ்சமும் ஆட்டின் உயரத்திலிருந்தே சொல்லப்படுகின்றன. அரசியலைச் சொல்லும் ஆசை மேலிட்டு ஆட்டை மனிதனாக்கிவிடும் இடங்கள் ஒன்றிரண்டு உண்டு. அங்கே மட்டும் ஆசிரியரின் குரல் கேட்டுவிடுகிறது. மற்றபடி ஆடு ஆடாகவே இருக்கிறது. அதனால்தான் அது நம் கதையாகவும் இருக்கிறது.

பனிக்கட்டியும் பஞ்சமும்

'வெள்ளை யானை' 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சக் காலத்தைச் சேர்ந்தது. மாண்டவர் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அதே சென்னையில், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து ஐஸ் ஹவுசில் இறங்கியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றுக் கடற்கரையில் நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். அங்கே உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் போராட்டமும், அதைக் காணும் அயர்லாந்துக்காரனான எய்டன் என்ற வெள்ளை அதிகாரியின் மனப் போராட்டமும் கதை.

பௌதிக மாணவிக்குப் பனிக்கட்டி என்றவுடன் ஒரு கணக்கு நினைவுக்கு வரும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். மரத்தூளைச் சுற்றிப் பொதிந்தால் வெப்பம் உட்புகுவது தாமதமாகும். அந்தக் கணக்கின் பலத்தில்தான் பனிக்கட்டி மாதக் கணக்கில் கடல் தாண்டிச் சென்னைக்கு வந்தது. துரைமாரின் பானம் குளிர்வதற்கு அவ்வளவு அறிவும் ஏற்பாடும் இருந்தன. சாலையோரம் சாகிறவனுக்கு ஒரு பிடி தானியம் கொண்டு சேர்க்க ஏற்பாடு இல்லை. விஞ்ஞானம் யாருக்கு வேலை செய்கிறது என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எந்தப் பாடநூலும் என்னிடம் கேட்டதில்லை. பஞ்சம் பீடித்த செங்கற்பட்டுச் சாலைகளின் காட்சிகளைப் படித்துவிட்டு அன்று உணவுக்கூடத்தில் சோற்றை எறிய மனம் வரவில்லை.

ஆனால் எய்டன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். குற்ற உணர்ச்சியைக் கூட இவ்வளவு நீளமாகவா விவரிப்பது? அது மட்டுமன்று. மாண்டவர்கள் நம்மவர்கள், எதிர்த்து நின்றவர்களும் நம்மவர்கள். கண் மட்டும் ஏன் வெள்ளைக்காரனுடையதாக இருக்க வேண்டும்? காத்தவராயன் வாய் திறக்கும்போதெல்லாம் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. அவன் கண் வழியாகவே முழுக் கதையும் சொல்லப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நாம் எங்கே?

நிற்க. ஐந்தையும் படித்து முடித்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. இந்த ஐந்திலும் நம்மைப் போன்றவர்கள் எங்கே? கரிசல், கண்மாய், கொங்கு மேட்டு நிலம், பழைய சென்னை எல்லாம் வந்துவிட்டன. மூன்று நாள் முன்பதிவுக்குக் காத்திருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள், வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறவர்கள், ஆய்வுக்கூடத்தில் இரவைக் கழிக்கிறவர்கள், இவர்கள் யாரும் இவற்றில் இல்லை.

முன்பு இருந்தார்கள். ஆதவன் டில்லியின் அலுவலக வாழ்வையும் இளைஞர் மனத்தையும் 'காகித மலர்கள்' நாவலில் எழுதினார். இந்திரா பார்த்தசாரதியும் டில்லியைக் களமாக வைத்து எழுதினார். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' செகந்திராபாத்துத் தமிழ்ப் பையனின் கதை. வேலை தேடிப் பம்பாய்க்குப் போனவனை நாஞ்சில் நாடன் 'மிதவை'யில் காட்டினார். இவையெல்லாம் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மண் மணம் வீச வேண்டும் என்ற நியாயமான ஆசை, வெளியூர்த் தமிழனுக்கு மண்ணே இல்லை என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோய்விடக் கூடாது.

இதற்கு எழுத்தாளர்களை மட்டும் நோவதில் பொருளில்லை. வெளியூர் வாழ்வை அறிந்தவர்கள் நாம். நம்மில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது என்பது சங்கத்தில் எல்லோரும் அறிந்த, எவரும் வாய் விட்டுச் சொல்லாத உண்மை. வட்டார வழக்கு வந்தால் இன்னும் தடுமாறுகிறோம். கரிசல் சொல் பலவற்றுக்கு எனக்கே பொருள் விளங்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த தோழி ஒருத்தியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மெல்லப் படிப்பது படிக்காமல் இருப்பதைவிட மேல். ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்கி மூலத்துக்கு வருவதும் நல்ல வழியே.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடையைக் குறைத்தால் ஒரு நாவலில் சில பிரதிகள் வாங்கலாம். மாதம் ஒரு நாவல் போதும். ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் புத்தகங்கள் உண்டு. ஒருவர் நாவலை ஆதரித்துப் பேசட்டும். ஒருவர் எதிர்த்துப் பேசட்டும். இருவரும் பக்க எண்ணைச் சொல்லிப் பேச வேண்டும் என்ற ஒரே நிபந்தனை இருக்கட்டும். படிக்கத் தடுமாறும் நண்பர்களுக்கு ஒரு அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டட்டும். முதல் மாதத்துக்குச் 'செல்லாத பணம்' இருக்கலாம் என்பது என் விருப்பம். அதை எதிர்த்துப் பேச எவரேனும் முன்வந்தால் ஆதரித்துப் பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன்.